சாலையில் ஒரு பழைய வழக்கு



சென்னை அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்குக் காரில் சென்று பழகியவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதிதன்று. சிவப்பு விளக்கு விழுகிறது. முன்னே நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் நம் காரும் ஒழுங்காக நிற்கிறது. அடுத்த கணமே இடப்புறம் ஒருவர், வலப்புறம் ஒருவர், கார்களின் நடுவே உள்ள சந்துகளில் பத்துப் பேர் என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் முன்னேறத் தொடங்குகிறார்கள். மடையைத் திறந்துவிட்டால் வாய்க்கால் நீர் பாத்திதோறும் இடம் பார்த்துப் புகுவதுபோல, எங்கே இரண்டு முழ இடம் இருக்கிறதோ அங்கே ஒரு சக்கரம் புகுந்துவிடுகிறது. யாரோ ஒருவருடைய கைப்பிடி நம் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தட்டி மடக்கிவிட்டுச் செல்கிறது. பச்சை விளக்கு எரியும்போது, நமக்கும் நிறுத்தக் கோட்டுக்கும் இடையே நாற்பது வண்டிகள் நிற்கின்றன. அவை அனைத்தும் நகர்ந்து முடிவதற்குள் மறுபடியும் சிவப்பு விழுந்துவிடுகிறது.

காருக்குள் இருப்பவர் சினம் கொள்கிறார். “இவர்களுக்குச் சாலைவிதி என்று ஒன்று உண்டா? வரிசை என்றால் என்னவென்று இவர்கள் படித்ததே இல்லையா?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் தமக்குத்தாமே கேட்டுக்கொள்கிறார்.

இவ்வாறு கேட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் சில ஆண்டுகள் சைக்கிளிலும், பல ஆண்டுகள் ஸ்கூட்டரிலும் பள்ளிக்குச் சென்றவன். அந்த நாட்களில் என் கோபமெல்லாம் கார்களின்மேல்தான். கார் வைத்திருப்பவர் சாலையையே கிரயம் செய்து வாங்கிவிட்டதாக நினைக்கிறார் என்று வகுப்பறையிலேயே சொல்லியிருக்கிறேன். கார் வாங்கி ஓர் ஆண்டு நிறைவதற்குள் என் பேச்சு தலைகீழாக மாறிவிட்டதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் என் மனைவிதான். சரித்திரம் கற்பித்தவன் ஆகையால், இந்தக் கோபம் எங்கே பிறந்தது, யார் யார் கைமாறி என்னிடம் வந்தது என்று தேடிப் பார்க்கலாமே என்று தோன்றியது. அத்தேடலில் கிடைத்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். சாலையில் இன்று சண்டையிட்டுக்கொள்ளும் இந்த இரண்டு வண்டிகளும் ஒரே பட்டறையில் பிறந்த உடன்பிறப்புகள். ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்னும் ஊரில் காட்லீப் டைம்லர் என்பவரும் வில்ஹெல்ம் மைபாக் என்பவரும் சேர்ந்து, வேகமாகச் சுழலும் சிறிய எஞ்சின் ஒன்றை அமைத்தார்கள். அது வண்டியில் பொருந்துமா என்று சோதிப்பதற்கு எளிய வாகனம் ஒன்று தேவைப்பட்டது. 1885ஆம் ஆண்டில் மரச்சட்டத்தில் இரண்டு மரச்சக்கரங்களைப் பூட்டி, சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கத்துக்கொரு சிறு சக்கரமும் வைத்து, நடுவே அந்த எஞ்சினைப் பொருத்தினார்கள். அதன் ஆற்றல் அரைக் குதிரைச் சக்திதான். அவ்வாண்டு நவம்பரில் டைம்லரின் மகன் அதில் ஏறிப் பக்கத்து ஊர்வரை ஓட்டிச் சென்றான். எஞ்சினின் சூட்டில் ஆசனம் தீப்பற்றிக்கொண்டது என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டில்தான் அதே டைம்லர் நான்கு சக்கரக் கோச்சு வண்டி ஒன்றில் எஞ்சினைப் பொருத்தினார். அதே 1886இன் தொடக்கத்தில் மன்ஹைம் நகரத்துக் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்கு உரிமைப் பத்திரம் கேட்டு விண்ணப்பித்தார் என்பது வேறு செய்தி. டைம்லரின் குடும்பத்தைப் பொறுத்தவரை மோட்டார் சைக்கிளே தமக்கை. கார் பின்பிறந்த தம்பி. தம்பி வளர்ந்து பருத்தபின் தமக்கைக்கு வழிவிட மறுப்பது நம் வீடுகளிலும் நடப்பதுதானே!

அக்காலத்தில் சாலை யாருக்குச் சொந்தமாக இருந்தது? நடப்பவருக்கும் குதிரைக்கும் சொந்தமாக இருந்தது. இங்கிலாந்தில் நீராவியால் ஓடும் வண்டிகள் சாலைக்கு வந்தபோது, 1865இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. அச்சட்டப்படி அத்தகைய வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் நகரத்தில் 2 மைலும்தான் போகலாம். வண்டிக்கு மூன்று ஆட்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் 60 கஜம் முன்னால் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்து செல்லவேண்டும். எதிரே வரும் குதிரை மிரண்டுவிடக் கூடாது அல்லவா? கொடி பிடிக்கும் கட்டாயம் 1878இல் நீங்கிற்று என்றாலும், ஆள் முன்னால் நடக்கவேண்டும் என்பது 1896வரை நீடித்தது. அவ்வாண்டு நவம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கார் வைத்திருந்தவர்கள் லண்டனிலிருந்து பிரைட்டன் நகருக்கு ஊர்வலமாக ஓட்டிச் சென்று அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்புதான், ஆகஸ்டு 17ஆம் நாள், லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி கார் மோதி இறந்திருந்தார்.

அன்றைக்குக் குதிரைவண்டியில் அமர்ந்திருந்த கனவானின் கண்ணுக்குக் கார் எவ்வாறு தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அது திடீரென்று தோன்றும், இரைச்சலிடும், குறுக்கே புகும், அதை ஓட்டுபவன் யாரென்றும் தெரியாது. யாரென்று தெரியவேண்டும் என்பதற்காகவே 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வண்டிக்கும் எண்பலகை வேண்டும் என்று விதித்தது. அதே சட்டம் கார் ஓட்ட 17 வயதும் மோட்டார் சைக்கிள் ஓட்ட 14 வயதும் போதும் என்றது. (இதைக் கேட்டு உங்களில் சிலர் தவறான காலத்தில் பிறந்துவிட்டோமே என்று வருந்தக்கூடும், வருந்த வேண்டாம்.) இன்று நாம் மோட்டார் சைக்கிள்காரர்மீது சொல்லும் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை முதலில் காரின்மீது சாட்டப்பட்டவையே. குற்றவாளிக் கூண்டில் நின்ற கார், சில பத்தாண்டுகளில் வழக்குத் தொடுப்பவர் இடத்துக்கு மாறிக்கொண்டது.

நம் சென்னைக்கு வருவோம். 1895இல் இந்நகரத்தில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான், 1953வரை ஓடிற்று. தண்டவாளத்தில் டிராமும், அதன் இருபுறமும் ஜட்கா, கட்டைவண்டி, ரிக்ஷா, சைக்கிள், தலைச்சுமைக்காரர் என்று பலவும் ஒன்றாகச் சென்ற சாலைகளில்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் வந்து சேர்ந்தது. துறைமுகத்தை அமைத்து வளர்த்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரின் கார்தான் எம்.சி.1 என்னும் எண்ணைப் பெற்றது. 1914இல் இந்தியா முழுமைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்று வந்தது. 1939இல் விரிவான சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் உள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம். இடப்புறமே செல், முந்துவதாயின் வலப்புறமாக முந்து என்பன போன்ற விதிகள் இங்கிலாந்தின் வழக்கத்திலிருந்து வந்தவை. சாலை நடுவே கோடு கிழித்துப் போக்குவரத்தைப் பிரிக்கும் முறையோ அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1911இல் பரவத் தொடங்கியது. கார் பெருகிய நாடுகளின் கணக்கு அது.

இந்த இடத்தில் சிறிது நின்று அளவுகோலை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் நகரச் சாலையின் ஒரு தடத்துக்குப் பொறியியலார் வைத்திருக்கும் அகலம் மூன்றரை மீட்டர். சாதாரணக் காரின் அகலம் ஒன்றரை மீட்டரிலிருந்து ஒன்றேமுக்கால் மீட்டர்வரை. ஆகவே ஒரு தடத்தில் ஒரு கார் நின்றால், ஏறத்தாழ இன்னொரு கார் அளவுக்கு இடம் மீதம் இருக்கிறது. அதைக் கார் பயன்படுத்த முடியாது. இரண்டு கார்கள் உரசிக்கொண்டு ஓட இயலாது. ஆனால் மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதற்கு அந்த மீதி இடம் தாராளமான ஒரு வழி. தடம் என்று நாம் கோடு கிழித்தது ஒரு காருக்காக. அக்கோட்டுக்குள்ளேயே ஓர் இருசக்கர வண்டிக்கும் வழி திறந்துவிட்டது. காரோட்டிக்கு அது தம்மைச் சுற்றி இருக்கவேண்டிய பாதுகாப்பு இடைவெளி. மோட்டார் சைக்கிள்காரருக்கோ அது வெறும் காலியிடம். ஒரே இடத்தை இருவர் இரண்டு பெயரால் அழைக்கிறார்கள். வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. முரட்டுத்தனமும் அவசரமும் அதன்மேல் முளைத்த கிளைகள்.

கார் பெருகிய நாடுகளில் இவ்வழக்கு இத்தனை கடுமையாக எழவில்லை. காரணம் எளிது. அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908இல் மாடல்-டி காரை வெளியிட்டு அதன் விலையை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வந்தார். உழைப்பாளியும் கார் வாங்கக்கூடிய நிலை வந்தபின், மோட்டார் சைக்கிள் அங்கே பெரிதும் பொழுதுபோக்குக்கு உரியதாயிற்று. நம் நாட்டில் நடந்தது நேர்மாறானது.

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 1955இல் என்பீல்டு தொழிற்சாலை தோன்றிற்று. இராணுவத்துக்குப் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் வேண்டியிருந்தன. இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டத் தொடங்கி, பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 1970ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் தாய்க்கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூர்க் குழந்தையோ உயிரோடு வளர்ந்தது. ஆயினும் அந்நாளில் மோட்டார் சைக்கிள் என்பது போலீஸ் அதிகாரிக்கும் மிராசுதாரர் மகனுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. நடுத்தரக் குடும்பத்தின் கனவு ஸ்கூட்டர். இத்தாலிய உரிமத்தின்பேரில் லாம்பிரெட்டாவும் வெஸ்பாவும் இங்கே செய்யப்பட்டன. 1972இல் பஜாஜ் சேடக் வந்தது.

கனவு என்று ஏன் சொன்னேன் தெரியுமா? எத்தனை ஸ்கூட்டர் செய்யலாம் என்பதற்கு அரசாங்க உரிமம் வேண்டியிருந்த காலம் அது. கேட்போர் தொகை செய்யப்படும் தொகையைவிடப் பன்மடங்காக இருந்தது. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். எங்கள் சிறிய தந்தையார் தமக்குத் திருமணமான ஆண்டில் பணம் கட்டினார். வண்டி வந்த நாளில் அதன் முன்புறத்தில் நின்றுகொண்டு சென்றவன் அவருடைய மூத்த மகன். அவன் அப்போது இரண்டாம் வகுப்பு. தெரு முழுவதும் வந்து பார்த்தது. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். இன்றைக்கு ஒரே மாலையில் கடைக்குப் போய் வண்டியோடு திரும்பும் உங்களுக்கு இது கதைபோல் தோன்றும்.

அணை உடைந்தது 1980ஆம் ஆண்டுகளில். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ்.50 என்னும் மொபெட் வெளிவந்தது. கியர் இல்லை, எடை குறைவு, மூட்டை ஏற்றலாம், இருவர் அமரலாம். பால்காரரும் காய்கறி வியாபாரியும் கிராமத்து ஆசிரியரும் சைக்கிளிலிருந்து நேரே அதற்கு ஏறினார்கள். இன்றும் கீரைக்கட்டுகளையும் தேங்காய் மூட்டைகளையும் சுமந்துகொண்டு அதன் வாரிசுகள் சந்தைக்குச் செல்வதைக் காணலாம். 1984, 1985ஆம் ஆண்டுகளில் ஜப்பானியக் கம்பெனிகள் இந்தியக் கம்பெனிகளோடு கூடி நூறு சி.சி. அளவுள்ள மோட்டார் சைக்கிள்களை இங்கே செய்யலாயின. பெட்ரோல் சிக்கனம் அவற்றின் பெரும் கவர்ச்சி. புல்லட்டின் தடதடப்பு ஊர் அறிய ஒலித்த தெருக்களில், சத்தம் குறைந்த சிறிய வண்டிகள் ஆயிரக்கணக்கில் ஓடத் தொடங்கின. உரிமக் கட்டுப்பாடுகள் 1991க்குப் பின் பெரிதும் தளர்ந்தன. தவணைமுறைக் கடன் பெருகிற்று. இந்தியாவில் பதிவான மோட்டார் வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வண்டிகள் என்னும் நிலை அவ்வாறு வந்தது. ஆகவே, காரோட்டி தம்மைச் சூழ்ந்த கூட்டத்தைப் பார்த்து “இவர்கள் ஏன் என் சாலையில் புகுகிறார்கள்?” என்று கேட்கும்போது, பெரும்பான்மையோர் தம்மிடம் அதே கேள்வியைக் கேட்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்.

அவர்களையெல்லாம் காருக்குள் ஏற்றிவிடலாம் என்று ஒரு முயற்சியும் நடந்தது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் கணவனும் மனைவியும் குழந்தைகளும் நெருக்கிக்கொண்டு செல்வதைக் கண்டதே தம் எண்ணத்துக்குக் காரணம் என்று ரத்தன் டாட்டா சொன்னார். ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று பெயர்பெற்ற நானோ 2008 ஜனவரியில் டில்லியில் காட்சிக்கு வைக்கப்பட்டு, 2009இல் விற்பனைக்கு வந்தது. உலகமே வியந்தது. ஆனால் ஸ்கூட்டரில் சென்ற குடும்பம் அதில் ஏறவில்லை. 2018இல் உற்பத்தி நின்றது. ஏழைகளின் கார் என்ற பெயரை யாரும் விரும்பவில்லை என்பது ஒரு காரணம் என்பர். சந்து வீட்டின் வாசலில் அதை நிறுத்த இடம் ஏது என்பதை நான் இன்னொரு காரணமாகச் சொல்வேன்.

அது வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாலைப் பொறியியலார் எல்லா வண்டிகளையும் கார் அளவில் கணக்கிடுவது வழக்கம். இந்திய சாலைப் பேராயத்தின் நகரச் சாலைக் கணக்கில், கார் ஒன்று என்றால் இருசக்கர வண்டி அரை அல்லது முக்கால். நிலைமைக்குத் தக்கபடி மாறும். சிவப்பு விளக்கில் நமக்கு முன்னே புகுந்த அந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு காரில் வந்திருந்தால், மூன்று தட வீதியில் நமக்கு முன்னே பதின்மூன்று, பதினான்கு வரிசைக் கார்கள் நின்றிருக்கும். அவர்கள் இரண்டு சக்கரத்தோடு திருப்தி அடைந்திருப்பதால்தான் நாம் நான்கு சக்கரத்தில் நகரமுடிகிறது. எனக்கு இந்தக் கணக்கு புரிந்த நாளில் சிறிது வெட்கமாகவே இருந்தது.

இவ்வளவு சொன்னதால் மோட்டார் சைக்கிள்காரரிடம் குற்றமே இல்லை என்று நான் தீர்ப்புக் கூறுவதாக எண்ணவேண்டாம். எதிர்த்திசையில் வருதல், நடைபாதையில் ஏறுதல், ஒரு வண்டியில் மூவர் செல்லுதல், தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு ஓட்டுதல் இவற்றுக்கு எந்தச் சரித்திரமும் சமாதானம் ஆகாது. நடைபாதையில் ஏறுபவர் தம்மினும் எளியவரின் இடத்தைப் பறிக்கிறார். கார்மீது அவர் சொல்லும் குறையை அவர்மீது நடப்பவர் சொல்லலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கே சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்று 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் மாணவர்கள் வண்டியைப் பள்ளிக்குள் கொண்டுவராமல் அடுத்த தெருக் கடையில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும். கண்டிப்பாக இருந்திருக்கவேண்டும், இருக்கவில்லை.

இவ்வழக்கில் இரு தரப்பினரும் இழப்பது சமமானதன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44க்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். காரிலும் அதுபோன்ற சிறு வாகனங்களிலும் சென்றவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவே. காரோட்டி இழப்பது பெரும்பாலும் கண்ணாடியும் வண்ணப்பூச்சும் பத்து நிமிடமும். மற்றவர் இழப்பது வேறு.

தலைக்கவசத்தின் கதை இதனோடு சேர்ந்தது. அரேபியப் பாலைவனத்தில் துருக்கியரை எதிர்த்துப் போர் செய்து உலகப்புகழ் பெற்ற டி. ஈ. லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர், மோட்டார் சைக்கிளின்மீது தீராத காதல் கொண்டவர். 1935 மே 13ஆம் நாள் டார்செட் பகுதியில் தம் வீட்டருகே சென்றுகொண்டிருந்தபோது, சாலை இறக்கத்தில் மறைந்திருந்த இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் எதிர்ப்பட்டார்கள். அவர்களைக் காக்க வண்டியைத் திருப்பியவர் தூக்கி எறியப்பட்டார். ஆறாம் நாள் இறந்தார், வயது 46. அவருக்குச் சிகிச்சை செய்ய அழைக்கப்பட்டவர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர் ஒருவர். அச்சாவு அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. போர்க்காலத்தில் இராணுவச் செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசம் உயிர் காக்கிறது என்பதை 1941இல் கட்டுரையாக வெளியிட்டார். இராணுவம் உடனே ஏற்றுக்கொண்டது. பொதுமக்களுக்கு அது கட்டாயமானதோ 1973இல்தான். கேர்ன்ஸ் அப்போது உயிரோடு இல்லை. தமிழ்நாட்டில் 2007இல் ஒருமுறை கட்டாயமாக்கினார்கள், அது தளர்ந்தது, 2015 ஜூலையில் உயர்நீதிமன்ற ஆணையின்படி மறுபடியும் கட்டாயமாயிற்று. 2022இல் நாடு முழுவதும் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,000 பேர் என்பதைப் பார்த்தால், கேர்ன்ஸின் கட்டுரை நம் தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றே சொல்லவேண்டும்.

வேறு நாட்டவர் சிலர் சண்டையை விட்டுச் சாலையைத் திருத்தினார்கள். மலேசியாவில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் செல்லும் கூட்டாட்சி நெடுஞ்சாலையில் 1970ஆம் ஆண்டுகளிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை அமைத்தார்கள். அங்குள்ள நம் தமிழர் பலர் அப்பாதையில்தான் வேலைக்குச் சென்று வருகின்றனர். தைவானில் சிக்னல் நிறுத்தக் கோட்டுக்கு முன்னே இருசக்கர வண்டிகளுக்கென்று ஒரு கட்டம் வரைந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னே வந்து நிற்பது அங்கே விதிமீறல் அன்று, விதியே அதுதான். கார் பெருகிய கலிபோர்னியாவிலும், கார்களின் இடையே மோட்டார் சைக்கிள் செல்வதை 2016இல் சட்டமே ஒப்புக்கொண்டது. அண்ணா சாலையில் நாள்தோறும் காணும் காட்சிக்கு அங்கே சட்டத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்டது!

முடிக்குமுன் என் கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மருந்து வாங்குவதற்காகக் கடை வாசலில் காரை நிறுத்தினேன். இறங்குவதற்கு வலப்புறக் கதவைத் திறந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கதவில் மோதி விழுந்தார். “கண் தெரியவில்லையா?” என்று முதலில் கத்தியவன் நான். அக்கணத்தில் என் வாயில் வந்தது அதுதான். கூடியவர்கள் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். தலைக்கவசத்தில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. தலைக்கு ஒன்றும் இல்லை. தோளை அசைக்க முடியாமல் மற்றொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். காரை எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துச் சென்றேன். எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தபோது அவர் திரும்பத் திரும்பக் கேட்டது, அந்தப் பொட்டலத்தை வேறு யாராவது கொண்டுபோய்க் கொடுத்தார்களா என்பதைத்தான். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. போகாத நாளுக்குக் கூலி இல்லை. ஆறு வாரம் அவர் வண்டி எடுக்கவில்லை. செலவையும் அவ்வாரங்களின் கூலியையும் நான் ஏற்றுக்கொண்டேன் என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை; அது என் கடன்.

பிறகு ஒரு செய்தி படித்தேன். ஹாலந்து நாட்டில் கார்க் கதவைத் திறக்க, கதவுக்கு அருகில் உள்ள கையை விட்டு, எட்ட உள்ள கையைப் பயன்படுத்தும் பழக்கம் உண்டாம். அவ்வாறு கையை நீட்டும்போது உடம்பு தானாகவே திரும்புகிறது. கண் பின்னால் வருவோரைப் பார்த்துவிடுகிறது. இங்கிலாந்தின் சாலைவிதிப் புத்தகமும் 2022இல் இதை ஓட்டுநர்களுக்குச் சொல்லும் விதிகளில் சேர்த்துக்கொண்டது. நம் ஊரில் ஓட்டுபவர் வலப்புறம் அமர்வதால் இடக்கையால் திறக்கவேண்டும். முதல் சில நாள் கை தடுமாறும். இப்போது எனக்குப் பழகிவிட்டது. இடக்கை கதவுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கீறல் விழுந்த தலைக்கவசம் என் கண்முன் வருகிறது.